இன்வெர்ட்டருக்கு எந்த லித்தியம் பேட்டரி?

கடைக்கு வருபவர்கள் "லித்தியம் பேட்டரி ஒண்ணு கொடுங்க" என்பார்கள். எதற்கு என்றுதான் முதலில் கேட்பேன்.

இன்வெர்ட்டர், சோலார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வாங்குங்கள். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. சூட்டை நன்றாகத் தாங்கும், 2000 தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம். எடை கொஞ்சம் கூடுதல். ஒரே இடத்தில் இருக்கும் பெட்டிக்கு அது பொருட்டில்லை. ஆனால் இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 12.8 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜிங் 14.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பழைய ஆசிட் பேட்டரி சார்ஜர்கள் சில 15க்கு மேலும் போகும். அப்போது பேட்டரிக்கு உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும்.

பல லேப்டாப், டிரில் மெஷின், ஸ்கூட்டர்களில் இருப்பது என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரி). செல்லுக்கு 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. அதே எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும், ஆனால் சூட்டைத்தான் அவ்வளவாகத் தாங்காது. வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். எல்எஃப்பிக்கும் இதற்கும் சார்ஜரை மாற்றிப் போடவே கூடாது.

அப்புறம், சில ரிமோட்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணயம் போன்ற சின்ன லித்தியம் பேட்டரி. 3 வோல்ட், ரீசார்ஜ் ஆகாது. குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.