பரணில் ஏற்றும் முன்: கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் ஏற்ற உறை

லாரியில் ஒரு நாள் பயணிக்கும் பெட்டிக்குப் பொருந்தும் உறை, பரணில் பத்து ஆண்டுகள் கிடக்கப்போகும் பெட்டிக்குப் பொருந்தாது. பயணத்தில் அடிபடாமல் காப்பதே கவலை. நெடுநாள் சேமிப்பிலோ, பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் உறையே அதைக் கெடுத்துவிடக்கூடும். ஆகவே பீங்கானை நேரடியாகத் தொடும் முதல் அடுக்கு எது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நம் வீடுகளில் அந்த இடம் பெரும்பாலும் செய்தித்தாளுக்கே போய்விடுகிறது. மலிவான மரக்கூழில் செய்யப்படும் அந்தத் தாளில் நாளடைவில் அமிலம் உண்டாகும். அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதன் மை, மெருகிடாத மண்பாண்டத்தில் கறையாகப் படியும். அமிலமற்ற வெள்ளை டிஷ்யூ தாள் சிறந்தது. அது கிடைக்காவிட்டால், பலமுறை துவைத்து மென்மையான, சாயமும் ஜரிகையும் இல்லாத பழைய வேட்டித் துணி போதும். கஞ்சி போட்ட துணி மட்டும் வேண்டாம், அது பூச்சிகளை வரவழைக்கும்.

பபிள் ராப்பை இரண்டாம் அடுக்காக, குமிழிகள் வெளிப்புறம் இருக்கும்படி சுற்றுங்கள். நேரடியாகச் சுற்றினால் மெருகின்மீது வட்ட வட்டமாகத் தடம் விழக்கூடும். மெத்தை ஸ்பாஞ்சைத் தவிர்த்துவிடுங்கள். சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகிப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் ஃபோம் விரிப்பு அப்படிக் கெடாது. கட்டுவதற்குப் பருத்தி நாடாவே நல்லது, ஏனெனில் ரப்பர் பேண்ட் கறை விடும், செல்லோடேப் தங்க விளிம்பை உரித்தெடுத்துவிடும்.

ஊறுகாய் ஜாடிக்குக் கூடுதல் அக்கறை தேவை. மெருகில் மயிரிழை விரிசல் இருந்தால் உப்பு அதன் வழியே உள்ளே இறங்கியிருக்கும். காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த உப்பு கரைந்து மீண்டும் படிகமாகி, மெருகைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். ஒட்டுப் போடாத ஜாடியானால் சில நாள்கள் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நிழலில் முழுவதும் உலர்ந்தபின் உறையிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள்.

கனமானவை அடியில் இருக்கட்டும். தட்டுகளைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிற்கும்படி அடுக்குங்கள். கண்ணாடி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகாதீர்கள். மூடிகளைத் தனியே சுற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாதத்தில், ஒரு பெட்டியைத் திறந்து தாளைத் தொட்டுப் பாருங்கள்; சிறிதேனும் நமுத்திருந்தால் எல்லாப் பெட்டிகளிலும் தாளை மாற்றிவிடுங்கள்.