சரக்கு விநியோகம், லாஜிஸ்டிக்ஸ் துறையில் வேலைக்குச் சேர்வது எப்படி?

சரக்கு விநியோகத் துறைக்கு வர விரும்பும் பட்டதாரிகள் பலரும் முதல் நாளிலிருந்தே கணினி முன் அமர்ந்து திட்டமிடும் பணியைத்தான் தேடுகிறார்கள். அந்த விருப்பத்தில் தவறில்லை. ஆனால் முதல் ஓராண்டையாவது கிடங்கில், லாரிகள் வந்து நிற்கும் மேடைக்கு அருகில் கழித்தவர்களுக்கே அந்தத் திட்டமிடல் கைவரும் என்பது என் உறுதியான கருத்து. கணினியில் இருப்பதாகக் காட்டும் பொருள் அடுக்கில் இல்லாமல் போவதும், தீர்ந்துவிட்டதாகக் காட்டும் பொருள் வேறொரு மூலையில் தூசி படிந்து கிடப்பதும் எப்படி நேர்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்காதவரால், தம் திரையில் தெரியும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்ல முடியாது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு கிடங்கின் இருப்புப் பதிவு 97 விழுக்காடு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வு மதிப்பெண்ணாக இருந்தால் பாராட்டலாம். ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் ஒரே ஆர்டரில் 10 வகைப் பொருள்களைக் கேட்கும்போது, பத்தும் பதிவில் உள்ளபடியே கிடைப்பதற்கான வாய்ப்பு 0.97-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும் அளவு, அதாவது ஏறத்தாழ 74 விழுக்காடுதான். நான்கில் ஓர் ஆர்டர் குறையோடு போகும். பதிவின் துல்லியத்தை 99.5 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் அதே வாய்ப்பு 95 விழுக்காடாகிவிடுகிறது. ஆகவே புதிதாகச் சேரும் ஒருவர் தம் பெயரை நிலைநாட்டுவதற்கு இருப்புத் துல்லியத்தைவிட நல்ல களம் வேறில்லை. ஆண்டுக்கொருமுறை கிடங்கை மூடி எல்லாவற்றையும் எண்ணுவதற்குப் பதிலாக, நாள்தோறும் சில அடுக்குகளை எண்ணி வரும் சுழற்சி முறையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். வேறுபாடு தெரிந்தவுடன் எண்ணைத் திருத்திவிட்டு நகராமல், காரணத்தைத் தேடுங்கள். சரக்கு வந்து இறங்கியபோதே எண்ணிக்கை பிசகியிருக்கலாம். பெட்டிக் கணக்கையும் உருப்படிக் கணக்கையும் யாரோ குழப்பியிருக்கலாம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பொருள் பதிவேறாமலேயே அடுக்குக்குப் போயிருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவரை எந்த மேலாளரும் எளிதில் விட்டுவிட மாட்டார்.

கிடங்கிலிருந்து வெளியே பிரியும் பாதைகள் பல. போக்குவரத்துப் பிரிவில் வண்டிகளையும் ஓட்டுநர்களையும் வழித்தடங்களையும் கையாள வேண்டும். நொடியில் முடிவெடுக்கவும், அலைபேசியில் பலரோடு பொறுமையாகப் பேசவும் கூடியவர்களுக்கு அது பொருந்தும். கொள்முதல் பிரிவு பேரம் பேசும் திறனை நாடுகிறது. தேவைத் திட்டமிடல் பிரிவில், எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதைக் கணிப்பதே வேலை. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் பாதையை அடைத்தபோது, எத்தனை நாள் இருப்பு கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தவர்கள் இந்தப் பிரிவினரே. கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் இங்கே நன்றாக வளர்வார்கள். ஒருமுறைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்று காட்டும், அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் வெளியிட்ட சிக்கனக் கொள்முதல் அளவுச் சூத்திரத்தை இன்றும் இப்பிரிவில் முதலில் கற்பிக்கிறார்கள். ஆண்டுத் தேவை 1,200, ஒருமுறை ஆர்டர் செய்யும் செலவு 50, ஓர் உருப்படியை ஓராண்டு வைத்திருக்கும் செலவு 3 என்றால், 2, ஆண்டுத் தேவை, ஆர்டர் செலவு ஆகிய மூன்றையும் பெருக்கி, வைத்திருக்கும் செலவால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 200 கிடைக்கும். அதாவது ஆண்டுக்கு ஆறு முறை வாங்குவதே சிக்கனம். இதைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்திருந்தால் நேர்காணலில் நன்மதிப்பு கிடைக்கும்.

ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளைக் கையாளும் ஃப்ரெயிட் ஃபார்வர்டிங் பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஆவணங்களில் கவனமுள்ள ஒருவர் மிக விரைவில் மதிப்புப் பெறும் இடம் அது. இன்வாய்ஸ் (விலைப்பட்டியல்), பேக்கிங் லிஸ்ட் (பெட்டிகளில் உள்ளவற்றின் பட்டியல்), பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) ஆகிய மூன்றிலும் எடையோ பெட்டிகளின் எண்ணிக்கையோ ஒன்றுக்கொன்று முரண்பட்டால் சரக்கு சுங்கத்தில் நின்றுபோகும். நிற்கும் ஒவ்வொரு நாளும் செலவு ஏறும். அடுத்து, விற்பவரின் பொறுப்பு எங்கே முடிந்து வாங்குபவரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளைப் பிழையின்றிக் கற்க வேண்டும். பன்னாட்டு வணிகச் சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்ட இவ்விதிகளின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான சிஐஎஃப் (விலை, காப்பீடு, கப்பல் கட்டணம்) விதியின்படி கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேருமிடத் துறைமுகம் வரை விற்பவர் செலுத்துகிறார். ஆனால் சரக்குக் கப்பலில் ஏறிய கணத்திலேயே இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது. பணம் கட்டுகிறவரே பொறுப்பையும் சுமப்பார் என்று எண்ணி, அனுபவமுள்ளவர்களும் இங்கே தடுமாறுவதுண்டு.

விமானச் சரக்கில் எடைக் கணக்கும் அப்படித்தான் தடுமாற வைக்கும்: உண்மை எடை, பெட்டி அடைக்கும் இடத்தைக் கொண்டு கணக்கிடும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியின் கன அளவு 1,20,000 கன சென்டிமீட்டர். அதை வழக்கமான 6,000-ஆல் வகுத்தால் 20 கிலோ வருகிறது. பெட்டியின் உண்மை எடை 12 கிலோவாக இருந்தாலும் கட்டணம் 20 கிலோவுக்கே. பெட்டியைச் சிறிதாக்கினாலே கட்டணம் குறையும் என்பதை உணர்ந்து பொட்டலமிடும் பிரிவோடு பேசும் இளைஞர், தம் நிறுவனத்துக்கு முதல் மாதத்திலேயே பணம் மிச்சப்படுத்துகிறார்.

மென்பொருள்களைப் பொறுத்தவரை, எக்செலில் பிவட் டேபிள் (பெரிய பட்டியலைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை) வரை தயக்கமின்றிச் செய்யத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். கிடங்கு மேலாண்மை மென்பொருளை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அமைத்திருக்கும். அதை வேலையில் சேர்ந்த பிறகு கற்கலாம்.

சான்றிதழ்களை எப்போது எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். 1919-இல் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்தின் வழிவந்த சிஐஎல்டி (லாஜிஸ்டிக்ஸ், போக்குவரத்துத் தொழில்வல்லுநர்களின் அமைப்பு) வழங்கும் தகுதிகளும், ஏஎஸ்சிஎம் என்ற விநியோகச் சங்கிலி மேலாண்மை அமைப்பு வழங்கும் சிபிஐஎம் (திட்டமிடல், இருப்பு மேலாண்மை), சிஎஸ்சிபி (விநியோகச் சங்கிலி) ஆகிய சான்றிதழ்களும், சரக்கு முகவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபியாட்டாவின் டிப்ளோமாவும் பல நாடுகளில் மதிக்கப்படுகின்றன. எனினும் ஓரிரு ஆண்டுப் பணிக்குப் பின் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். பாதுகாப்பு இருப்பு (எதிர்பாராத தேவைக்காகக் கூடுதலாக வைக்கும் சரக்கு) என்ற சொல்லைப் பாடமாகப் படிப்பதற்கும், அது போதாமல் ஒரு வாரம் தவித்த பின் படிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தவிர, எந்தப் பிரிவு தமக்கு ஒத்துவரும் என்பதும் அதற்குள் தெளிந்துவிடுவதால், பொருந்தாத சான்றிதழுக்குச் செலவிட வேண்டியிருக்காது.

விண்ணப்பம் எழுதும்போது ‘குழுவாகப் பணியாற்றும் ஆற்றல்’ போன்ற பொதுவான தொடர்களைத் தவிர்த்து, செய்ததை அளவோடு எழுதுங்கள். பயிற்சிக் காலத்தில் எத்தனை அடுக்குகளை எண்ணினீர்கள், எத்தனை வேறுபாடுகளைக் கண்டீர்கள், அவற்றில் எத்தனைக்குக் காரணம் தெரிந்தது என்ற மூன்று எண்களே போதும். பணி அனுபவமே இல்லாதவர்கள் ஒரு கிடங்கில் சில வாரங்கள் தற்காலிக வேலைக்காவது போய்வர வேண்டும்; சரக்குப் பிரித்தெடுக்கும் வேலையாக இருந்தாலும் அது பயன்படும்.

நேர்காணலின் முடிவில் உங்களுக்கும் கேட்க வாய்ப்புத் தருவார்கள். இரவு ஷிஃப்டு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், பண்டிகைக் காலத்தில் வேலை நேரம் எவ்வளவு நீளும், ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையும் ஆட்கள் நடக்கும் பாதையும் தனித்தனியாக உள்ளனவா என்று தயங்காமல் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு உடனடியாகத் தெளிவான விடை வராத இடத்தில் சேர்வதற்கு முன் கிடங்கை ஒருமுறை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். தரையில் கோடுகள் வரையப்பட்டிருக்கின்றனவா, அவற்றை ஓட்டுநர்கள் மதிக்கிறார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.