கருத்தரங்கு நடத்துகிறீர்களா? வந்தவர்களைச் சலிக்க வைக்கும் தவறுகள்

திருநெல்வேலியில் இரவு ரயில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, அவசரமாகக் குளித்துவிட்டு, ஆலந்தூர் வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ என்று ஒருவர் எட்டே முக்காலுக்கு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்து சேர்கிறார். இரண்டு நாள் லீவு போட்டு, கைக்காசு செலவழித்து வந்தவர். பதிவு மேசைக்கு முன்னால் வரிசை வாசல் வரை நீள்கிறது. அன்றைய நாளைப் பற்றிய அவருடைய எண்ணம் அந்த வரிசையிலேயே பாதி முடிவாகிவிடும்.

பொறியாளர் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கருத்தரங்கில் பல வருடங்களாகத் தன்னார்வலராக வேலை செய்கிறேன். நாங்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, முன்னாடியே பேப்பரில் ஒரு கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடியவை.

வரிசையையே எடுத்துக்கொள்வோம். 400 பேர் வருகிறார்கள். பெயரைத் தேடி, கையெழுத்து வாங்கி, பையைக் கொடுக்க ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வையுங்கள். 4 மேசை போட்டால் 100 நிமிடம் ஆகும். பெயர் அட்டையை முன்பே அச்சடித்து அடுக்கிவைத்து, ஒருவருக்கு 20 நொடி என்று குறைத்து, 6 மேசை போட்டால் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 'எஸ். குமார்' என்பவரை 'எஸ்'ஸில் தேடுவதா, 'கு'வில் தேடுவதா? மேசையில் இருப்பவர் ஒன்றில் தேட, வந்தவர் இன்னொன்றைச் சொல்ல, அங்கேயே ஒரு நிமிடம் போகிறது. செல்பேசி எண்ணின் கடைசி 4 இலக்கங்களை வைத்து அடுக்கிப் பாருங்கள், குழப்பமே வராது. அன்றே பணம் கட்டிச் சேருபவர்களுக்குத் தனி மேசை போடுங்கள். அப்புறம், பெயரை அட்டையின் இரண்டு பக்கமும் பெரிதாக அச்சடியுங்கள். கழுத்தில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும்.

அடுத்தது தொடக்க விழா. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான். ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டும், சிறப்பு விருந்தினர் பத்தே காலுக்கு வருகிறார். குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருக்கும் ஏழு பேருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, நான்கு வாழ்த்துரை, மலர் வெளியீடு. தமிழ்த்தாய் வாழ்த்தை 55 நொடிகளில் பாட வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணையே வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வரும் எதற்கும் நம் நிகழ்ச்சி நிரலில் நேர வரம்பு கிடையாது. பதினோரு மணித் தேநீர் பன்னிரண்டுக்குப் போகும், ஒரு மணிச் சாப்பாடு இரண்டே காலுக்குப் போகும்.

சாப்பாடு தள்ளிப்போவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அரங்கில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவர்களில் சிலருக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, மயக்கமே வரலாம். ஒரு வருடம் எங்கள் அரங்கில் ஒருவர் அப்படித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சாப்பாட்டு மணியை எந்தக் காரணத்துக்காகவும் நகர்த்தக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

விழாவையும் மரியாதையையும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இடத்தை மாற்றினால் போதும். காலையில் முதல் வேலையாக ஒரு தொழில்நுட்ப அமர்வை வைத்துவிட்டு, தொடக்க விழாவைப் பதினொன்றுக்குக் கொண்டுபோங்கள். விருந்தினர் தாமதித்தாலும் அரங்கம் காத்திருக்காது. அவரும் நிறைந்த அரங்கில் பேசுவார்.

பேச்சாளர்கள் நேரம் தாண்டுவது இதற்குத் தம்பி. அமர்வுத் தலைவர் பெரும்பாலும் பேச்சாளரின் மாணவராகவோ இளையவராகவோ இருப்பார், 'சார், நேரம் ஆச்சு' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்தச் சங்கடத்தை மனிதர் மேல் ஏற்றாமல், மேடைக்கு எதிரே தரையில் பெரிய எண்கள் ஓடும் கடிகாரம் ஒன்றை வையுங்கள். 20 நிமிட அமர்வுக்கு 15 நிமிடப் பேச்சு என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டு வரிசைக்கும் அதே கணக்குதான். 15 நொடிக்கு ஒரு தட்டு நகர்ந்தால், ஒரே வரிசையில் 400 பேருக்கு 100 நிமிடம் ஆகும், நான்கு வரிசை என்றால் 25 நிமிடம். சமையல்காரரிடம் எத்தனை வகை என்று கேட்பதோடு எத்தனை வரிசை என்றும் கேளுங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நடுவில் போட்டால், ஒரே மேசையில் இரண்டு பக்கமும் பரிமாறலாம்.

இவ்வளவு நேரத்தையும் மிச்சம் பிடிப்பது, வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்காக. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் ஒரு சர்வதேசக் கருத்தரங்கைப் பாடுபட்டு ஏற்பாடு செய்தார். வந்தவர்களுக்கு அதில் மிகவும் பிடித்தது காபி இடைவேளைதானாம். அதிலிருந்து யோசித்து, பங்கேற்பவர்களே அன்றைய தலைப்புகளை முடிவு செய்யும் 'திறந்தவெளி' முறையை 1985இல் நடத்திக் காட்டினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாதி நாள் பாழானாலும் உரைகளை வெட்டாமல், அரை மணி இடைவேளையைப் பத்து நிமிடமாக்குகிறோமே, அதை நிறுத்தினால் போதும்.

தனியாக வந்தவரைக் கொஞ்சம் கவனியுங்கள். தேநீர்க் கோப்பையோடு ஓரமாக நின்று செல்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார். தெரிந்தவர்கள் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைய யாருக்குமே கூச்சம்தான். மென்பொருள் கருத்தரங்குகளில் 'பேக்மேன் விதி' என்று ஒன்று சொல்வார்கள், எரிக் ஹோல்ஷர் பரப்பியது. வட்டமாக நிற்கும்போது, பேக்மேன் என்ற வீடியோ விளையாட்டில் வரும் மஞ்சள் உருவத்தின் வாய்போல, இன்னொருவர் வந்து நிற்க ஓர் இடைவெளி விட வேண்டும். முதல் நாள் காலையிலேயே இதை மேடையில் சொல்லிவிடுங்கள். முதல்முறை வருபவர்களின் அட்டையில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டி, பழைய உறுப்பினர்கள் சிலரிடம், 'பச்சைப் பொட்டு இருக்கிறவங்களோட உட்கார்ந்து சாப்பிடுங்க' என்று சொல்லிவைத்தோம். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. நாங்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேள்வி நேரத்தில் மைக் எப்போதும் முன்வரிசை மூத்தவர்களிடமே சுற்றுகிறது. அரங்கம் முழுக்கத் துண்டுச் சீட்டு கொடுங்கள். எழுந்து பேசத் தயங்குகிற இளைஞர்களும் பெண்களும் நல்ல கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். 'எனக்கு மைக் வேண்டாம், குரலே போதும்' என்பவரையும் மைக் இல்லாமல் பேச விடாதீர்கள். காது மந்தமானவர் 'கேட்கவில்லை' என்று எழுந்து சொல்ல மாட்டார்.

ஏசியை அரங்கம் நிறைந்த பிறகு ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து சோதியுங்கள், திரையில் இருக்கும் எழுத்தையும் அங்கிருந்தே படித்துப் பாருங்கள். சார்ஜ் போட இடம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி வையுங்கள், இல்லாவிட்டால் அரங்கம் மாறிய தகவல் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். சென்னையில் நவம்பரில் தேதி வைத்தால் மழைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். தை மாத முகூர்த்த நாளில் வைத்தால் அறை கிடைக்காது.

உரைகளின் படவில்லைகளை (ஸ்லைடுகளை) ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் யாரும் திறக்க மாட்டார்கள். பேச்சாளர் மேடை ஏறும் முன்பே ஃபைலை வாங்கி, அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொண்டால் ஒரு சாயங்கால வேலைதான். ஊருக்குப் போன பிறகு கேட்டால், அவர் கிடைப்பதே கஷ்டம்.