நாக ஒட்சைட்டு நனோத்தூள்: வன்னி ஆய்வுகூடத்துக்கான செய்முறை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்கு நாக ஒட்சைட்டு (சிங்க் ஒட்சைட்டு) நனோத்தூளை, அதாவது மிக நுண்ணிய துகள்களாலான தூளை, செய்யப்போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரை. கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு விடும் கிணற்று நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் இருக்கின்றன. காரம் பட்டதும் கல்சியம் காபனேற்று வீழ்ந்து உங்கள் தூளோடு கலந்துவிடும். இரண்டுமே வெள்ளை, கண்ணால் பிரித்தறிய முடியாது. பின்னால் உலையில் வைக்கும் 400 பாகை செல்சியஸ் சூட்டிலும் கல்சியம் காபனேற்று சிதையாது. கொதித்தாறிய நீரும் போதாது. கரைக்க, கழுவ, முகவையைக் கடைசியாக அலச, எல்லாவற்றுக்கும் காய்ச்சி வடித்த நீரையே எடுங்கள்.

இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட நாக அசற்றேற்று 2.195 கிராமை 100 மில்லிலீற்றர் நீரில் கரையுங்கள். சோடியம் ஐதரொட்சைட்டு 0.8 கிராமை இன்னொரு 100 மில்லிலீற்றரில் கரைத்து அளவியில் (பியூரெற்றில்) ஊற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நாகக் கரைசலை நன்றாகக் கலக்கியபடி காரத்தைத் துளித்துளியாக விடுங்கள். பீ.எச் 9க்கும் 10க்கும் இடையில் வந்ததும், அளவியில் மிச்சமிருந்தாலும் நிறுத்துங்கள். காரம் மிகையானால் வீழ்படிவு நாகேற்று என்ற கரையும் சேர்வையாகித் திரும்பக் கரைந்துவிடும். பால்போலக் கலங்கியது தெளியத் தொடங்கினால் அதுதான் அடையாளம்.

இரண்டு மணித்தியாலம் கலக்கி, மையநீக்கியில் பிரித்து, கழுவிய நீர் நடுநிலையாகும்வரை கழுவுங்கள். கடைசிக் கழுவலை எதனோலில் செய்தால் துகள்கள் உலரும்போது இறுகுவது குறையும். 80 பாகையில் உலர்த்தி, உலையில் 400 பாகையில் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். சூட்டோடு பார்த்தால் மஞ்சளாக இருக்கும். ஆறியதும் வெளுக்கும், பயப்பட வேண்டாம். ஆறிய பின்னும் சாம்பல் நிறமென்றால் கழுவலில் போகாத அசற்றேற்று கரியாகியிருக்கிறது. கிடைக்கக்கூடிய உச்ச அளவு 0.81 கிராம். அதைவிடக் கூடினால் தூள் தூய்மையானதல்ல. நிறுக்கும்போது முகக்கவசம் அணியுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

தூளின் பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் கோணல் சோதனையில், செப்புக் கதிருக்கு 31.8, 34.4, 36.3 பாகைக் கோணங்களில் (2θ) உச்சிகள் வர வேண்டும். 29.4இல் ஒன்று எழுந்தால் அது கல்சைற்று, அதாவது கல்சியம் காபனேற்றுப் பளிங்கு, கிணற்று நீர் எங்கோ புகுந்திருக்கிறது.

வெயிலில் இந்தத் தூள் சாயத்தை அழிக்கிறதா என்று பார்க்கும் சாய நீக்கச் சோதனைக்கு வன்னி வெயில் தாராளம். ஆனாலும் தூளின் சக்தி இடைவெளி, அதாவது அதைச் செயற்படவைக்க ஒளிக்கு வேண்டிய ஆகக்குறைந்த சக்தி, ஏறத்தாழ 3.37 இலத்திரன் வோல்ற்று என்பதால் வெயிலின் ஊதாக் கடந்த பகுதி மட்டுமே வேலை செய்யும். லீற்றருக்கு 10 மில்லிகிராம் மெதிலீன் நீலக் கரைசலில் 100 மில்லிலீற்றர் எடுத்து, 50 மில்லிகிராம் தூள் சேர்த்து, முதலில் அரை மணித்தியாலம் இருட்டில் கலக்குங்கள். தூளில் ஒட்டும் சாயத்தை அழிந்த சாயமாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. தூளில்லாத சாயத்தையும் பக்கத்தில் வெயிலில் வையுங்கள், அது தானாகவும் வெளிறும். நிறமாலைமானியில் 664 நனோமீற்றர் அலைநீளத்தில் சாயத்தின் உறிஞ்சலை வாசிக்குமுன் ஒவ்வொரு மாதிரியிலும் தூளை மையநீக்கியால் அகற்றுங்கள்.

தூளை நெல்லுக்கு நாக ஊட்டமாகப் பரிசோதிப்பவர்கள் ஒப்பீட்டுக்குச் சாதாரண நாக ஒட்சைட்டையும் நாக சல்பேற்றையும் சேர்த்தே வையுங்கள், அதுவும் நாகத்தின் நிறையைச் சமப்படுத்தி: ஒரு கிராம் நாகத்துக்கு ஒட்சைட்டு 1.24 கிராம், ஏழு நீர் மூலக்கூறு கொண்ட சல்பேற்று 4.4 கிராம். இல்லாவிட்டால் பயிர் பச்சை பிடித்தது நாகத்தாலா, நனோவாலா என்று சொல்ல வழியில்லை. மிஞ்சிய கரைசலைக் கழிவுப் போத்தலில் சேருங்கள். வாய்க்காலில் ஊற்றினால் குளத்துக்குப் போகும், நீர்வாழ் உயிர்களுக்கு நாகம் நஞ்சு.