எரிமலைச் சத்தக் கதைகளை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

"கிரகட்டோவா வெடித்தப்போ 310 டெசிபல் சத்தம்" என்று ஒரு ஃபார்வர்டு வந்தால் உடனே பகிராதீர்கள், கால்குலேட்டரை எடுங்கள்.

முதலில் எங்கே நின்று அளந்தது என்று பாருங்கள். தூரம் சொல்லாத டெசிபலுக்கு மதிப்பில்லை. 1883 ஆகஸ்ட் 27 காலை பத்து மணி சுமாருக்கு இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது, 160 கிலோமீட்டர் தள்ளி பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எரிவாயு ஆலையின் அழுத்தமானி இரண்டரை அங்குலப் பாதரசத்துக்கு மேல் எகிறியது. அதாவது சுமார் 8,500 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). அதை 0.00002-ஆல் (காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய சத்தத்தின் அழுத்தம், பாஸ்கலில்) வகுத்து, லாக் பட்டனை அழுத்தி, 20-ஆல் பெருக்குங்கள். 172 சொச்சம் வரும். சரி, அப்போ 310? காற்றழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இறங்கவும் வேண்டும், பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இடமில்லை, அதனால் சாதாரண ஒலி அலை 194 டெசிபலோடு நின்றுவிடும். அதற்கு மேல் போனால் அது அதிர்ச்சி அலை, அந்தக் கணக்கே வேறு.

அடுத்தது தூரம். 4,800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் இருந்த ரோட்ரிக்ஸ் தீவில் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் வாலிஸ், தூரத்தில் பெரிய பீரங்கிகள் முழங்குவதுபோல் கேட்டதாகக் குறித்து வைத்தார். ஒலி நொடிக்கு 0.34 கிலோமீட்டர் போகும். வகுத்தால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெடித்து ஏறக்குறைய நாலு மணி நேரம் கழித்துத்தான் அங்கே கேட்டிருக்கிறது, ஆக நம்பலாம்.

'உலகம் முழுக்கக் கேட்டது' என்று எழுதியிருந்தால் மட்டும் உஷார்! உலகை மூன்று தடவைக்கு மேல் சுற்றியது காதுக்குக் கேட்காத அழுத்த அலை. அதைக் கண்டுகொண்டவை பாரோமீட்டர்கள் (காற்றழுத்தமானிகள்)தான். 2022 ஜனவரியில் பசிபிக் தீவு நாடான டோங்காவில் எரிமலை வெடித்தபோதும் இதே கதை, ஆனால் அங்கே 9,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அலாஸ்காவில் நிஜமாகவே மனிதர்கள் சத்தத்தைக் கேட்டார்கள்.

பக்கத்து ஊர்க்காரர் கேட்கவில்லை என்றால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது அருகில் இருந்த பலருக்குச் சத்தமே இல்லை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்குக் கேட்டது. மேலே போன ஒலி உயர்ந்த காற்றடுக்குகளில் வளைந்து தூரத்தில்தான் தரைக்கு இறங்கியது.

பழைய பதிவுகளைத் தேடும்போது 'எரிமலை' என்று தேடினால் பாதி நழுவிவிடும், 'பீரங்கி' என்றும் தேடுங்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை முழங்கியபோது, அதைப் பீரங்கிச் சத்தம் என்று எண்ணி, ஏதோ காவல் நிலை தாக்கப்படுகிறது என்று நினைத்து ஜாவாவின் யோக்யகர்த்தாவிலிருந்து படையையே அனுப்பியிருக்கிறார்கள்.