சோதனை நிலையில் உள்ள கிராஃபிக்ஸ் ஃபங்ஷனுக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

ஒரு 2டி கிராஃபிக்ஸ் லைப்ரரியில் புதிதாக ஒரு ஃபங்ஷன் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிவத்துக்குப் பின்னால் நிழல் விழச் செய்வது அதன் வேலை. ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஹெட்டர் கோப்பைத் திறந்தால், அதன் மேலே ஒரே ஒரு வரி இருக்கிறது: “சோதனை நிலை. மாறலாம்.”

எது மாறும்? பெயரா, பாராமீட்டர்களா, வரும் படமா? படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. பயந்தவர் அந்த ஃபங்ஷனைத் தொடமாட்டார். துணிந்தவர் பயன்படுத்துவார், அடுத்த பதிப்பில் மாட்டிக்கொள்வார். நமக்கோ இரண்டு பேருமே வேண்டும். நிறையப் பேர் பயன்படுத்திக் குறை சொன்னால்தான் சோதனையே நடக்கும். அந்த நிழல் ஃபங்ஷனையே எடுத்துக்கொண்டு ஆவணம் எழுதிப் பார்ப்போம்.

படி 1: என்னென்ன மாறும் என்று பிரியுங்கள்

கிராஃபிக்ஸ் லைப்ரரியில் மாற்றம் மூன்று இடங்களில் வரலாம். முதலாவது, அழைக்கும் முறை: பெயரோ பாராமீட்டர் வரிசையோ மாறினால் கம்பைலரே சொல்லிவிடும். இரண்டாவது, எண்ணின் பொருள்: நேற்று டிகிரியாக இருந்த கோணம் இன்று ரேடியன் ஆகிவிட்டால் கம்பைலர் வாய் திறக்காது. மூன்றாவது, படம்: அழைப்பும் எண்களும் அப்படியே இருக்க, நிழலின் ஓரத்தில் சில பிக்சல்கள் மட்டும் மாறும். படத்தோடு படத்தை ஒப்பிட்டுச் சோதிப்பவர்களுக்கு அன்றைக்கு எல்லாச் சோதனையும் தோற்கும்.

இந்த மூன்றில் எது உறுதி, எது உறுதியில்லை என்று முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே தெரியவில்லை என்றால் ஃபங்ஷனை எழுதியவரிடம் கேளுங்கள். கேள்வியைக் கேட்டபிறகுதான் அவரும் முடிவெடுப்பார். இது பலமுறை நடக்கும்.

படி 2: ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு எழுதுங்கள்

என்னைக் கேட்டால், அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். “மங்கல்: மங்கலின் அளவு” என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸைப் பாருங்கள். பெட்டி நிழலுக்கு மங்கல் 10 பிக்சல் என்று கொடுத்தால் மங்கலைக் கணக்கிடும் மணி வடிவக் காஸியன் வளைவின் திட்ட விலக்கம் (வளைவு எவ்வளவு பரவுகிறது என்ற அளவு) அதில் பாதி, அதாவது 5. மங்கல் ஃபில்டருக்கு அதே 10 கொடுத்தால் திட்ட விலக்கமே 10. ஒரே மொழிக்குள்ளேயே ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள். உங்கள் ஃபங்ஷனைப் பயன்படுத்த வருபவர் இதில் ஏதோ ஒரு பழக்கத்தோடுதான் வருவார்.

கோணமும் அப்படித்தான். கணிதப் பாடத்தில் ஒய் அச்சு மேலே போகும், திரையில் பெரும்பாலும் கீழே போகும். ஆகவே பாடத்தில் இடஞ்சுழியாகத் திரும்பும் கோணம் திரையில் வலஞ்சுழியாகத் திரும்பும். எந்தப் பக்கம் பூஜ்யம், எந்தப் பக்கம் கூடும் என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, நிழல் வடிவத்தின் எல்லைக்கு வெளியே பரவும். காஸியன் மங்கல் ஒவ்வொரு பக்கமும் திட்ட விலக்கத்தைப் போல் சுமார் 3 மடங்கு தூரம் வரை கண்ணுக்குத் தெரியும். அந்த இடம் கேன்வாஸில் இல்லையென்றால் நிழல் வெட்டுப்படும். “ஏன் என் நிழல் பாதியில் நிற்கிறது?” என்ற கேள்வி வருவதற்கு முன்பே பதில் ஆவணத்தில் இருக்கட்டும்.

படம் ஏன் மாறலாம் என்பதற்கும் ஒரு வரி காரணம் சொல்லுங்கள். உண்மையான காஸியனுக்குப் பதிலாக, சாதாரணச் சராசரி மங்கலை மூன்று முறை அடுத்தடுத்துப் போட்டு நெருக்கமான விளைவைப் பெறலாம். இணையத்தில் வெக்டர் படங்களுக்கான எஸ்விஜி விதிமுறையே இதை அனுமதிக்கிறது. சிபியு வழியில் ஒரு முறையும் ஜிபியு வழியில் வேறு முறையும் இருந்தால் இரண்டு படங்களும் பிக்சலுக்குப் பிக்சல் ஒத்துப்போகாது. காரணம் தெரிந்தவர் அதைப் பிழை என்று புகார் எழுதமாட்டார்.

படி 3: கமென்ட்டை எழுதுங்கள்

இப்போது எழுதுவது எளிது. உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

வடிவத்துக்குப் பின்னால் மங்கலான நிழல் சேர்க்கும்.
சோதனை நிலை: பதிப்பு 0.9 முதல்.
மாறக்கூடியவை: தர அளவின் (நிழலை எவ்வளவு நுணுக்கமாக வரைய வேண்டும் என்ற எண்) வரம்பு (இப்போது 0 முதல் 100 வரை), நிழல் ஓரத்துப் பிக்சல்கள்.
மாறாதவை: கோணம், தூரம், மங்கல் ஆகியவற்றின் அலகுகள்.
கோணம்: டிகிரி. 0 என்றால் வலப்புறம். கூடக்கூட வலஞ்சுழியாகத் திரும்பும்.
தூரம்: பிக்சல்.
மங்கல்: திட்ட விலக்கம், பிக்சலில். 0 என்றால் ஓரம் கூர்மையாக இருக்கும். 0க்குக் கீழே கொடுத்தால் பிழைக் குறியீடு திரும்பும், படம் மாறாது.
இன்னும் வராதது: ஜிபியு வழியில் தர அளவு கணக்கில் எடுக்கப்படாது.

“மாறாதவை” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒருவரைத் துணிந்து பயன்படுத்த வைப்பது அந்த வரிதான்.

படி 4: கண்ணில் படும்படி குறியிடுங்கள்

கமென்ட்டுகளிலிருந்து ஆவணப் பக்கங்களை உருவாக்கும் டாக்ஸிஜன் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நோட், வார்னிங் என்ற கட்டளைகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் குறியிட்டவற்றைத் தனிப் பட்டியலில் சேர்க்கும் எக்ஸ்ரெஃப்ஐட்டம் கட்டளையை ஒரு சுருக்கப் பெயராக அமைப்புக் கோப்பின் ஏலியாசஸ் பகுதியில் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் சோதனை நிலையில் உள்ள ஃபங்ஷன்கள் எல்லாம் தனிப் பக்கத்தில் தானாகவே பட்டியலாக வந்துவிடும். டைப்ஸ்கிரிப்ட் ஆவணங்களில் ஆல்ஃபா, பீட்டா, எக்ஸ்பெரிமென்டல் என்ற குறிகளும், க்யூட்டியின் ஆவணக் கருவியில் ப்ரிலிமினரி என்ற கட்டளையும் இதற்கென்றே இருக்கின்றன.

குறியைப் பெயருக்குள்ளேயே வைக்கலாமா? வல்கன் என்ற கிராஃபிக்ஸ் ஏபிஐ அதைச் செய்து பார்த்தது. 2017ல் சோதனை நீட்சிகளுக்கு கேஎச்எக்ஸ் என்று தனி முன்னொட்டு இருந்தது. ஒரே காட்சியைப் பல கோணங்களில் வரையும் மல்டிவியூ என்ற நீட்சி அப்படி வந்து, பிறகு முறையான நீட்சிகளுக்கான கேஎச்ஆர் என்ற முன்னொட்டுக்கு மாறி, 2018 மார்ச்சில் வெளியான 1.1 பதிப்பின் மையத்துக்குள் போனது. பிரவுசருக்குள் 3டி வரைய உதவும் வெப்ஜிஎல்லின் கதை இன்னும் நீளம். தொடக்கத்தில் “எக்ஸ்பெரிமென்டல்-வெப்ஜிஎல்” என்று கேட்டால்தான் பிரவுசர் தரும். சரியான பெயர் வந்து பல வருடம் கழித்தும் நிரல்கள் அதைக் கேட்டு, கிடைக்காவிட்டால் பழைய பெயரையும் கேட்டுக்கொண்டிருந்தன. அழைக்கும் இடத்திலேயே எச்சரிக்கை தெரியும் என்பது பெயரில் வைப்பதன் நன்மை. ஆனால் ஃபங்ஷன் நிலைபெறும் நாளில் எல்லோருடைய நிரலும் உடையும். அதனால் பெயரைச் சுத்தமாக விட்டுவிட்டு, குறியை ஆவணத்திலும் பில்ட் சுவிட்சிலும் (கம்பைல் செய்யும்போது அந்த ஃபங்ஷனைச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் அமைப்பு) வைப்பதையே நான் விரும்புகிறேன்.

படி 5: வெளிவந்த பக்கத்தைத் திறந்து பாருங்கள்

பில்ட் சுவிட்ச் வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. ஃபங்ஷன் ஒரு மேக்ரோ நிபந்தனைக்குள் இருந்து, அந்த மேக்ரோ டாக்ஸிஜனுக்குத் தெரியாவிட்டால் அந்தப் பகுதியை அது தாண்டிப் போய்விடும். நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய கமென்ட் எந்தப் பக்கத்திலும் வராது. எனக்கு இது நடந்தபோது, கமென்ட்டில்தான் ஏதோ தவறு என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அமைப்புக் கோப்பின் ப்ரீடிஃபைன்ட் பகுதியில் மேக்ரோவின் பெயரைச் சேர்த்தால் போதும்.

அப்புறம், ஆவணத்தில் உள்ள எண்களை வைத்தே ஒரு சிறிய நிரல் எழுதி ஓட்டிப் பாருங்கள். கோணம் 0 என்றால் நிழல் வலப்புறம் விழுகிறதா?

படி 6: குறியை எடுக்கும் நாள்

ஃபங்ஷன் நிலைபெற்றுவிட்டால், குறியை நீக்குவதும் “மாறக்கூடியவை” வரியை அழிப்பதும் ஒரே கமிட்டில் நடக்கட்டும். எந்தப் பதிப்பிலிருந்து நிலையானது என்று சேர்த்து எழுதுங்கள். ஃபங்ஷனைக் கைவிடுவதாக முடிவானால், ஒரு பதிப்புக்காவது டெப்ரிகேட்டட் குறியோடு விட்டுவைத்து, பதிலாக எதை அழைக்க வேண்டும் என்பதை அதே இடத்தில் சொல்லுங்கள். பதிலாக எதுவும் இல்லையென்றால், இல்லை என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.