ஊருணிப் படத்தில் கம்பியை அழிக்கலாம், செம்மண்ணைக் கெடுக்காமல்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஊருணிக் கரையில் விடிந்ததும் எடுத்த படம் இது. செம்பூரான் கல் படிக்கட்டு, தண்ணீரில் வானம், அக்கரையில் பனைமரம், எல்லாமே அழகாக விழுந்திருக்கிறது. ஆனால் குறுக்கே இரண்டு கரண்ட் கம்பி, படியோரம் ஒரு பாலித்தீன் பை. போனிலேயே சரிசெய்துவிடலாம். படம் திருத்தும் செயலியான கூகுளின் ஸ்னாப்சீட் போதும், இலவசம்தான்.

முதலில் ரொட்டேட்டில் போய் அக்கரையை மட்டமாக்குங்கள். தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து நின்றால் மற்ற எதுவும் எடுபடாது.

அடுத்து ஹீலிங், வேண்டாததைத் தேய்த்து அழிக்கும் கருவி. நிறத்தைத் தொடும் முன்பே இதை முடித்துவிடுங்கள், அப்போதுதான் அழித்த இடமும் சுற்றியுள்ள இடமும் சேர்ந்தே நிறம் மாறும். பையை ஒரு தேய்ப்பில் எடுத்துவிடலாம். கம்பிக்குத்தான் பொறுமை வேண்டும்: இரண்டு விரலால் நன்றாகப் பெரிதாக்கி, விரற்கடை அளவு துண்டு துண்டாகத் தேயுங்கள், ஒரே இழுப்பில் முழுக் கம்பியையும் தேய்த்தால் வானத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். பனை ஓலைக்குப் பின்னால் கம்பி போகிற இடத்தில் ஓலையும் சேர்ந்து குழம்பும், உடனே அன்டூ கொடுத்து இன்னும் பெரிதாக்கி மறுபடி தேயுங்கள். அப்புறம் தண்ணீரைப் பாருங்கள். மேலே அழித்த கம்பி கீழே நிழலாக நெளிந்துகொண்டிருக்கும், நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். ஓரத்தில் மின்கம்பம் இருந்தால் அழிக்கப் போராடாமல் கிராப் செய்துவிடுவது நல்லது.

இனி நிறம். டியூன் இமேஜில் ஹைலைட்ஸைக் குறைத்தால் வெளுத்த வானத்தில் கொஞ்சம் மேகம் தெரியும், ஷேடோஸைக் கூட்டினால் இருண்ட படிகள் துலங்கும். நிறத்தின் அடர்த்தியான சேச்சுரேஷனை மட்டும் மொத்தமாக ஏற்றாதீர்கள். நம் செம்மண் ஏற்கெனவே சிவப்பு, இன்னும் ஏற்றினால் குங்குமத்தைக் கொட்டியதுபோல் ஆகிவிடும், அது செட்டிநாட்டு மண்ணே இல்லை. பதிலாக செலக்டிவ் எடுத்து, கரை மண்ணில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, அங்கே மட்டும் சேச்சுரேஷனைப் பத்து, பதினைந்து ஏற்றிப் பாருங்கள். படம் நீலம் பாய்ந்திருந்தால் வைட் பேலன்ஸில் வெப்பத்தைச் சற்றே கூட்டுங்கள், செம்பூரான் கல்லின் துருநிறம் திரும்பி வரும்வரை போதும்.

சரி, சேமிக்கும்போது நகலாகச் சேமியுங்கள், மூலப் படம் அப்படியே இருக்கட்டும். மறுநாள் காலை புதுக் கண்ணோடு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே கூடிப்போயிற்று என்று உடனே தெரியும்.